தினமும் அரைமணியா, ஞாயிறு காலையா, கூட்டமாகவா, ஓடருக்கா? திருகோணமலையில் ஓவியப் பயிற்சியை விட்டுவிடாமல் வைத்திருக்க நான்கு வழிகள்

உயர்தரத்தில் சித்திரம் எடுத்துவிட்டு இப்போது வங்கியிலோ கச்சேரியிலோ இருப்பவர்கள், பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கும் அம்மாமார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான். வரைய ஆசை இருக்கிறது, இரண்டு மூன்று கிழமை நன்றாகப் போகிறது, பிறகு எப்படியோ விட்டுப்போகிறது. தினமும் கொஞ்சம் வரைவதா, ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்றே ஒதுக்குவதா, நாலுபேரோடு சேர்ந்து வெளியில் போவதா, ஓடர் பிடித்தால் கை தானாக ஓடுமா?

நான்கு வழியிலும் தொடர்ந்து வரைகிறவர்கள் இருக்கிறார்கள், விட்டவர்களும் இருக்கிறார்கள். ஆசை குறைந்ததால் விட்டவர்கள் அதில் கொஞ்சப்பேர்தான். மேசையைத் துப்புரவாக்க நேரம் பிடித்தது, கடதாசியில் பூஞ்சணம் பிடித்தது, பெயின்ற் காய்ந்துபோனது, ஞாயிறுதோறும் கலியாணவீடு வந்தது என்று காரணங்கள் மிகச் சாதாரணமானவை. அதனால் ஒவ்வொரு வழியும் எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, தொடங்க எடுக்கும் நேரம். "இப்போது வரையலாம்" என்று எழும்பியதிலிருந்து பென்சில் கடதாசியில் படும்வரை எத்தனை நிமிடம்? வேலை முடிந்து களைத்து வந்த பின்னேரத்தில் இது ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பெரும்பாலும் நடக்காது.

இரண்டாவது, விட்டுப்போன பிறகு திரும்பிவர ஆகும் செலவு. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு இரட்டிப்பு மதிப்பெண் கொடுக்க வேண்டும். திருகோணமலையில் இடைவெளி வராமல் ஒரு வருடம் ஓடாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களின் இல்ல விளையாட்டுப் போட்டி, பங்குனியில் கோவில் திருவிழா, இடையில் காய்ச்சல், செத்தவீடு, பரீட்சை. ஒருநாளும் அறாத பழக்கம் எது என்று தேடுவது வீண். அறுந்தால் குறைந்த பாட்டில் முடிச்சுப் போட முடிவது எது என்பதே சரியான கேள்வி.

இதற்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. இலண்டன் யூனிவர்சிற்றி கொலேஜில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைப் பின்தொடர்ந்து செய்து, 2010இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற எடுத்த காலம் நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படியாகப் பாதிக்கப்படவில்லை. அவர்கள் பார்த்தது பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி போன்றவற்றை, ஓவியத்தை அல்ல. ஆனாலும் "21 நாள் செய்தால் பழகிவிடும்" என்று எங்கோ வாசித்துவிட்டு 22ஆம் நாள் தன்னைத் தானே திட்டுபவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

மற்றவை: வெளியில் தெரியும் காசும் ஒளிந்திருக்கும் காசும், உப்புக்காற்றும் ஈரமும் கச்சான் காற்றும் பொருட்களை என்ன செய்யும் என்பது, அந்த வழியில் எந்த மாதிரியான படம் விளையும் என்பது, கடைசியாக, நீங்கள் வரையாவிட்டால் அது யாருக்காவது தெரியவருமா என்பது.

## வழி 1: தினமும் அரைமணி, வீட்டு மேசையில்

தொடங்கும் நேரத்தில் இதை எதுவும் வெல்லாது. ஒரு நிபந்தனை: பொருட்கள் அலுமாரிக்குள் போகக்கூடாது. தேநீர்த் தட்டம் அளவான ஒரு தட்டத்தில் ஏ5 அளவு வரைதல் கொப்பி ஒன்று (தாளின் கனம் 150 முதல் 200 ஜிஎஸ்எம்), 2பி பென்சில், நீர்பட்டால் கரையாத மை கொண்ட 0.3 பேனை, 12 கட்டி நீர்வர்ணப் பெட்டி, கைப்பிடிக்குள் தண்ணீர் நிற்கும் தூரிகை, ஒரு துண்டு பழைய சாரத்துணி. இவ்வளவும் எப்போதும் தட்டத்திலேயே இருக்க வேண்டும். தட்டத்தைத் தூக்கினால் பயிற்சி தொடங்கிவிட்டது, வைத்தால் முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையைப் பிள்ளைகளோடு பங்குபோடும் வீட்டில் இது பெரிய விஷயம்.

நேரத்தை மணிக்கூட்டில் குறிப்பதைவிட, ஏற்கனவே தவறாமல் நடக்கும் ஒன்றின் வாலில் கட்டுவது நல்லது. "பின்னேரத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும் தட்டத்தை எடுப்பேன்" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். "இரவில் நேரம் கிடைத்தால்" என்பது நேரம் கிடைக்காது என்பதன் மறுபெயர். விளக்கு வைக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் நுளம்பு ஒரு தடை. காலை மூடி உட்கார்ந்து மின்விசிறியை மேசைக்குக் கீழே திருப்பி வைத்தால் நுளம்பும் அண்டாது, கடதாசியும் பறக்காது. கரண்ட் போகும் நாட்களுக்கென்று சார்ஜ் ஏற்றும் எல்இடி விளக்கு ஒன்று போதும். அந்த வெளிச்சத்தில் வர்ணத்தைத் தொடாமல் பென்சிலோடு நிறுத்துங்கள். மலிவு விளக்கில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஏமாற்றும். விடிய எழும்பிப் பார்த்தால் வேறு நிறம்.

எங்கே பிசகும்? பெரும்பாலும் மூன்றாம் நாலாம் கிழமையில். முதல் உற்சாகம் வடிந்திருக்கும், பழக்கம் இன்னும் ஊறியிருக்காது. அந்த இடத்தில் "இன்று என்ன வரைவது" என்ற கேள்வியே பாதி நேரத்தைத் தின்றுவிடும். மருந்து, மாதத்துக்கு ஒரே வகைப் பொருட்கள் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது. குசினியை எடுத்துக்கொண்டால் துருவலை, சுளகு, நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், கத்தி, தேங்காய்ப் பாதி என்று முப்பது நாளுக்குத் தாராளமாகக் காணும். ஒரு துருவலையை ஐந்து கோணத்தில் வரைந்தவருக்கு, அதன் பல்லுக்கும் பலகைக்கும் இடையில் விழும் சிறிய நிழல்தான் முழுப் பொருளையும் நிலத்தில் உட்கார வைக்கிறது என்று தெரியவரும். பத்து வேறு பொருளை ஒவ்வொரு தடவை வரைந்தவருக்கு அது தெரியாது.

இன்னொரு பிசகு, பக்கத்தை நிரப்புவதற்காக நிரப்புவது. நாட்காட்டியில் சரி போட வேண்டும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் வரையக்கூடிய அதே தென்னைமரம், அதே வள்ளம். வரைந்து முடித்ததும் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதுவது இதைத் தடுக்கும்: எது சரியாக வரவில்லை. "கைப்பிடியின் வளைவு தட்டையாகிவிட்டது" என்பது போல. அடுத்த நாள் வரைய வேண்டியதும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒளிந்திருக்கும் செலவு ஈரம். மழைக்காலத்தில் நீர்வர்ணக் கட்டிகளை ஈரத்தோடு மூடினால் சில நாளில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். விசிறிக்குக் கீழே காயவிட்டுத்தான் மூட வேண்டும். தேன் சேர்த்துச் செய்த வர்ணவகை அந்த மாதங்களில் காயவே காயாது, பெட்டியெல்லாம் ஒட்டும். கடையில் பெட்டியைத் திருப்பிச் சேர்மானம் பார்த்து வாங்குங்கள். கடதாசிக்கு இன்னொரு கேடு உண்டு. நீர்வர்ணத் தாளில் வர்ணம் உறிஞ்சாமல் மேலே நிற்பதற்காகப் பசை ஏற்றியிருப்பார்கள். நீண்டநாள் ஈரத்தில் கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே கெட்டு, வர்ணம் ஒற்றுத்தாளில் போலப் பொட்டுப் பொட்டாக உறிஞ்சிவிடும். பார்ப்பவர் தன் கையைக் குறைசொல்வார், பிழை தாளில். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் தப்பும். பொட்டலம் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். அரிசி போட்டு வைத்தால் போதும் என்பார்கள். அரிசி அவ்வளவு ஈரம் இழுக்காது, பூச்சிக்கு மட்டும் நல்ல வீடு.

இந்த வழியின் உண்மையான குறை அளவு. ஏ5 கொப்பியில் ஒரு வருடம் வரைந்தவருக்கு மணிக்கட்டு நன்றாக அசையும், தோள் அசையாது. இரண்டடி கன்வஸின் முன் நின்றால் கோடு நடுங்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது பெரிய பிறவுண் பேப்பரைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு கரித்துண்டால் வரைந்தால் ஓரளவு ஈடாகும்.

## வழி 2: கிழமைக்கு ஒருநாள், நான்கு மணிநேரம், தனி இடம்

பெரிய படம், தைலவர்ணம், பல அடுக்கு அக்ரிலிக் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. அரைமணியில் தைலவர்ணம் என்பது, பிழிந்து கலந்து துடைத்து வைக்கவே போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறுநாள் அரைமணி என்றால் மூன்று மணிநேரம், அதில் எடுத்துவைக்கும் நேரம் மொத்தமாக இருபது நிமிடம். ஞாயிறு நான்கு மணிநேரத்தில் சாமான் பரப்ப 20 நிமிடம், போன கிழமை எங்கே விட்டோம் என்று படத்தைப் பார்த்து யோசிக்க 20 நிமிடம், தூரிகை கழுவி ஒதுக்க 30 நிமிடம். மிஞ்சுவது ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் ஒரே மூச்சாகக் கிடைக்கிறது. கவனம் ஆழமாகப் போவதற்கு அந்த ஒரே மூச்சு தேவை.

விட்டுப்போனால் திரும்பும் செலவில்தான் இது தோற்கிறது. ஒரு ஞாயிறு தவறினால் இடைவெளி 14 நாள், இரண்டு தவறினால் 21 நாள். ஞாயிறு நம் ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குரிய நாளும்கூட. மூன்று கிழமை கழித்துக் கதவைத் திறந்தால் தட்டில் வர்ணம் கல்லாகியிருக்கும், படம் யாரோ வரைந்தது போலத் தெரியும். இதற்கு ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு அமர்விலும் கடைசிப் பத்து நிமிடத்தில் அடுத்த தடவை செய்ய வேண்டிய முதல் வேலையை, யோசிக்கத் தேவையில்லாத சுலபமான வேலையாகப் பார்த்துத் தாளில் எழுதிக் கன்வஸில் ஒட்டிவிடுங்கள்: "வள்ளத்தின் இடதுபக்க நீலத்தை ஒரு படி கருமையாக்கு. கலவை: அல்ட்ராமரீன், கொஞ்சம் பேர்ண்ட் அம்பர்." நல்ல இடத்தில் நிற்கும்போதே நிறுத்துவது இதைவிட நல்லது. முழுக்க முடித்துவிட்டுப் போனவர் அடுத்த கிழமை வெள்ளைக் கன்வஸோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நேரம் காலை 6.30 முதல் 10.30 வரை. வைகாசி தொடக்கம் ஆவணி வரை தகரக்கூரைக்குக் கீழே பிற்பகல் 2 மணிக்கு நிற்க முடியாது. அந்த மாதங்களில் வீசும் கச்சான் வெக்கையில் மெல்லிய அக்ரிலிக் பூச்சு இரண்டு மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும், வானத்தில் நிறங்களை ஒன்றோடொன்று இழைக்க முடியாது. விசிறியை நிறுத்துவது, கன்வஸில் முதலில் தண்ணீர் விசிறுவது, ஈரத்தட்டு பாவிப்பது மூன்றும் உதவும். ஈரத்தட்டைக் கடையில் வாங்கத் தேவையில்லை. இறுக மூடும் தட்டையான சாப்பாட்டுப் பெட்டி, அடியில் நனைத்த பஞ்சுத்துணி இரண்டு மடிப்பு, அதன்மேல் கேக் செய்யப் பாவிக்கும் எண்ணெய்த்தாள். வர்ணம் நாலைந்து நாள் இளகியே இருக்கும். கிழமைக்கு ஒருநாள் வரைபவருக்கு அதுவும் போதாது. இடையில் ஒரு பின்னேரம் அரைமணி எட்டிப்பார்த்தால்தான் வர்ணமும் மிஞ்சும், மனமும் படத்தோடு இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு விஷயம். வடக்குப் பார்த்த ஜன்னல்தான் ஓவியருக்கு ஏற்றது, நேர்வெயில் வராது என்று புத்தகங்களில் இருக்கும். அது ஐரோப்பாவுக்கு எழுதியது. திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலிருந்து ஆகஸ்ட் முடிவு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஆனி நடுவில் ஏறக்குறைய 15 பாகை வடக்கே. நண்பகல் வெயிலை ஒன்றரையடி இறவாணம் தடுத்துவிடும். காலையிலும் பின்னேரத்திலும் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் சரிந்து வரும் வெயில்தான் கன்வஸில் கோடு போடும். ஜன்னலில் வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. நீலத்துணி, பச்சைத்துணி கட்டினால் நிறம் கெடும்.

ஒளிந்த செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். வாடகைக்கு எடுத்தால் முற்பணம், கரண்ட், தண்ணீர். கடலுக்குக் கிட்ட என்றால் இரும்பு எல்லாம் துருப்பிடிக்கும். சாதாரண கிளிப்பால் பிடித்துவைத்த தாளில் சில கிழமையில் அரைவட்டமாகச் செம்மஞ்சள் கறை இறங்கிவிடும், அது போகவே போகாது. மரக்கிளிப் அல்லது பிளாஸ்ரிக் கிளிப்தான் சரி. சுவரில் சாய்த்து நிலத்தில் வைத்த கன்வஸ் சட்டத்தைக் கறையான் ஏறிப் பார்க்கும். செங்கல்மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். அந்த இடைவெளி பின்பக்கப் பூஞ்சணத்தையும் குறைக்கும். மழைக்காலத்தில் கன்வஸ் தொய்யும். மூலை ஆப்புகளைத் தட்டி இறுக்கலாம், ஆனால் தை மாதம் காற்று காய்ந்ததும் தளர்த்த மறக்கக்கூடாது.

தைலவர்ணக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் துணி தானாகத் தீப்பிடிக்கலாம். பூட்டிக்கிடக்கும் அறையில், நம் வெக்கையில், இது விளையாட்டல்ல. வெளியில் கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள தகரப் பேணியில் போடுங்கள்.

## வழி 3: மூன்று முதல் ஆறுபேர், வெளியில்

"வரையாவிட்டால் யாருக்குத் தெரியும்" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. பக்கத்துவீட்டு அக்கா 6.20க்கு வாசலில் வந்து நிற்பார் என்றால் நீங்கள் எழும்பித்தான் ஆக வேண்டும். பொது இடத்தில் தனியாக உட்கார்ந்து வரையத் தயங்கும் பெண்களுக்கு, சேர்ந்து போவது ஒன்றே நடைமுறை வழியாக இருப்பதும் உண்டு.

நாளையும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் வட்ஸ்அப்பில் பேசித் தீர்மானிக்கும் குழு மூன்றாம் மாதம் கலையும். "மாதத்தின் முதல், மூன்றாம் சனி, காலை 6.30, வந்தவர் வரைவார்" என்று ஒருமுறை முடிவெடுத்து விட்டுவிட வேண்டும். போயா நாள் விடுமுறைதான், ஆனால் கோணேசர் கோவிலடியும் கடற்கரையும் நிரம்பி வழியும். வரைவது 75 நிமிடம், பார்த்துப் பேசுவது 15 நிமிடம். கதை முதலில் தொடங்கினால் கொப்பி திறபடாது.

இடத்தை வெயிலை வைத்துத் தேர்ந்தெடுங்கள். டச்சுக் குடாவும் பின்குடாவும் கிழக்குப் பார்த்தவை, காலையில் சூரியன் கண்ணுக்கு நேரே வந்து எல்லாம் கறுப்பு நிழலுருவாகும். அங்கே பின்னேரம் 4.30க்குப் போனால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வந்து அலையின் பச்சையும் கோணமலையின் மண்ணிறமும் தெளிவாகத் தெரியும். காலையென்றால் உட்துறைமுகப் பக்கம், மேற்கே பார்த்து உட்காருங்கள். பத்திரகாளி அம்மன் கோவில் கோபுரம் முதல் தடவைக்கு வேண்டாம், சிலைக் கூட்டத்தில் கை தொலைந்துபோகும். ஒரு மூலையை மட்டும் எடுப்பவருக்கு அது நல்ல இடம்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்கள் நல்ல ஆசிரியர்கள். ஒரு மானைத் தொடங்கி அது அசைந்ததும் அழிக்காதீர்கள். ஒரே பக்கத்தில் நாலு மானை அரைகுறையாகத் தொடங்குங்கள். கழுத்து, முதுகுக்கோடு, காது இருக்கும் கோணம், இவ்வளவுதான். மேயும் மான் திரும்பத் திரும்ப அதே சில நிலைகளுக்கு வரும். வரும்போது அந்தந்தப் படத்துக்கு இரண்டு கோடு கூட்டிக்கொண்டே போகலாம். கோட்டைக்குள் இராணுவமும் துறைமுகத்தில் கடற்படையும் இருக்கின்றன. முகாம் பக்கம், காவலரண் பக்கம் திரும்பி உட்காராதீர்கள். கேட்டால் கொப்பியைத் திறந்து காட்டிவிடுங்கள்.

செலவு? ஓட்டோக்காசும் காலைச் சாப்பாடும் மாதக்கணக்கில் ஒரு நல்ல தூரிகையின் விலையைத் தாண்டும். அதைவிடப் பெரிய செலவு ஒப்பீடு. குழுவில் கை தேர்ந்த ஒருவர் இருந்தால் புதியவர்கள் இரண்டாம் தடவைக்கு வருவதில்லை. முகநூலில் போடுவதைக் கட்டாயமாக்கினால் இது இன்னும் மோசமாகும். ஏற்பாடு செய்யும் பாரத்தை ஒருவரே சுமந்தால் அவர் களைக்கும் நாளில் குழுவும் முடியும். ஆளுக்கு இரண்டு மாதம் என்று மாற்றுங்கள். மழைக்காலத்தில் இந்த வழி கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

## வழி 4: ஓடர்

மறைந்தவர் படம், கலியாணத் தம்பதி படம், கோவில் திரைச்சீலை, பாடசாலை மேடைப் பின்னணி, முன்பள்ளிச் சுவர். காலக்கெடுவும் காசும் சேர்ந்தால் சோம்பல் ஓடிவிடும் என்பது உண்மை. முடிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு, அதாவது பாதியில் நிற்கும் பத்துப் படத்தை வீட்டில் வைத்திருப்பவருக்கு, இது நல்ல பயிற்சி.

ஆனால் 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெற் மூவரும் அமெரிக்காவில் ஒரு முன்பள்ளியில் செய்த பரிசோதனையை நினைவில் வைக்க வேண்டும். ஏற்கனவே ஆசையோடு வரையும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, வரைந்தபின் அதைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு இல்லாத சாதாரண நேரத்தில் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு அப்படிக் குறையவில்லை. பெரியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் ஓடர் மட்டுமே வரைபவர் ஓடர் இல்லாத மாதத்தில் தூரிகையையே தொடாமல் இருப்பதை ஊரில் யாரும் பார்க்கலாம்.

பிசகும் இடங்கள் எல்லாம் பேச்சில்தான் இருக்கின்றன. வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த தபால்தலை அளவு முகத்தை வைத்து இரண்டடி உருவப்படம் கேட்பார்கள். மூலப் படத்தையே அச்சாகவோ முழு அளவுக் கோப்பாகவோ வாங்காமல் தொடங்காதீர்கள். பாதிக்காசு முற்பணம். பென்சில் நிலையில் ஒருமுறை, வர்ணம் பாதியில் ஒருமுறை, இரண்டு திருத்தத்தோடு சரி என்று முதலே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முடிந்த படத்தைப் பார்த்து "அப்பா இன்னும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லம்" என்பார்கள், வாயை மாற்றினால் கன்னமும் கண்ணும் மாற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. விலையைப் பொருட்செலவு, மணிநேரம், சட்டம் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் பேரம் குறையும். சொந்தக்காரருக்குக் குறைப்பதென்றால் மணிநேரத்தில் குறையுங்கள், பொருட்செலவில் கைவைக்க வேண்டாம்.

வருடத் தொடக்கத்தில் விளையாட்டுப் போட்டி இல்ல அலங்காரங்களும் மேடை வேலைகளும் ஒரேயடியாக வரும், பிறகு நீண்ட வெறுமை. இதை நம்பிப் பழக்கம் அமைக்க முடியாது. விடாமல் வரைய உதவுமா என்ற ஒரே கேள்விக்கு, நான்கில் பலவீனமான பதில் இதுதான்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | தினமும் அரைமணி | கிழமைக்கு ஒருநாள் | குழு | ஓடர் |
|---|---|---|---|---|
| தொடங்கும் நேரம் | 2–3 நிமிடம் | 40 நிமிடம் வரை | பயணத்தோடு அரைமணி | படத்துக்குப் படம் வேறு |
| விட்டபின் திரும்புவது | மிகச் சுலபம் | கடினம் | அடுத்த சனி வரை காத்திருக்க வேண்டும் | அடுத்த ஓடர் வரும்வரை இல்லை |
| தெரியும் செலவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் | பொருளுக்கு முற்பணம் வரும் |
| ஒளிந்த செலவு | பூஞ்சணம், சிறிய அளவுக்குள் சிக்குதல் | துரு, கறையான், காய்ந்த வர்ணம் | ஒப்பீடு, ஏற்பாட்டுக் களைப்பு | திருத்தம், சொந்த ஆசை தேய்தல் |
| மழை மாதங்களில் | தாராளமாக நடக்கும் | நடக்கும், காய்வது மெதுவாகும் | நடக்காது | நடக்கும் |
| எது வளரும் | கண், கோடு, வேகம் | நிறம், கட்டமைப்பு, பெரிய படம் | கவனிப்பு, துணிவு | முடிக்கும் திறன் |
| தவறினால் யாருக்குத் தெரியும் | யாருக்கும் இல்லை | யாருக்கும் இல்லை | எல்லோருக்கும் | வாடிக்கையாளருக்கு |

## யாருக்கு எது

சிறுபிள்ளை இருக்கும் வீடு, முறைமாற்றுக் கடமையில் இருக்கும் தாதியர், பஸ்ஸில் மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ தினமும் வந்துபோகிறவர்கள்: வழி 1, வேறு யோசனை வேண்டாம். முறைமாற்று வேலைக்காரர் நேரத்தோடு கட்டாமல், வேலையால் வந்து உடுப்பு மாற்றியதும் என்று கட்ட வேண்டும்.

ஏற்கனவே ஒரு வருடமாவது கொப்பியில் விடாமல் வரைந்து, இப்போது அளவு போதாமல் முட்டுகிறவருக்கு வழி 2. கொப்பிப் பழக்கமே இல்லாதவர் முதலில் அறையை வாடகைக்கு எடுப்பதுதான் நாம் அடிக்கடி காணும் விலைகூடிய தவறு. அறை இருந்தால் ஆசை வரும் என்று எண்ணுகிறார்கள். வாடகைத் தேதிதான் தவறாமல் வரும்.

உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் குழுவில் அதிகம் பெறுவார்கள். தனியே இருந்தால் தன் படத்தையே கிழித்துவிடுகிற இயல்புள்ளவர்கள் குழுவில் கொஞ்சம் அடங்குவார்கள், ஆனால் தங்களைவிடக் கொஞ்சம் மட்டும் தேர்ந்தவர்களோடு சேர வேண்டும்.

ஓடரை, மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் எடுங்கள். ஓடர் நடக்கும் கிழமையிலும் கொப்பி ஒரு பக்கமாவது திறபட வேண்டும், அந்தப் பக்கத்தை வாடிக்கையாளருக்குக் காட்டக்கூடாது.

தீர்மானிக்க முடியவில்லை என்றால் ஆறு கிழமை வழி 1ஐ மட்டும் செய்து பாருங்கள். கொப்பியின் பின் அட்டையில் இரண்டு விஷயம் மட்டும் குறியுங்கள்: விட்ட நாள், திரும்பிவந்த நாள். வரைந்த நாளை எண்ண வேண்டாம். விட்டதற்கும் வந்ததற்கும் இடையில் ஒன்றிரண்டு நாள்தான் என்றால் அடித்தளம் இருக்கிறது. அதன்மேல் ஞாயிறையோ குழுவையோ ஏற்றலாம். ஐந்தாறு நாள் ஆகிறதென்றால் தட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் யாரோ வீடு கூட்டும்போது எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்திருப்பார்கள்.

ஒரே வழியில் வருடம் முழுக்க நிற்க வேண்டும் என்றும் இல்லை. மாசி முதல் புரட்டாதி வரை வெளியில் போவதும் பெரிய கன்வஸும். வைகாசிக்குப் பிறகு காலையில் மட்டும். ஐப்பசி முதல் கிழமையில் முடியாத கன்வஸ்களைச் செங்கல்மேல் ஏற்றி, தைலத் துணிகளை வெளியேற்றி, நல்ல தாள்களைச் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் இறுக மூடிவிட்டு, தட்டத்தோடும் மலிவுக் கொப்பியோடும் தை பிறக்கும்வரை குசினிச் சாமான்களுக்குத் திரும்புங்கள். பெட்டியை மூடும்போது உள்ளே எத்தனை தாள், என்ன அளவு என்று மூடியில் எழுதி ஒட்டிவிட்டால், மழை நடுவில் "இருக்கிறதா பார்ப்போம்" என்று திறந்து ஈரத்தை உள்ளே விடத் தேவையிராது.